வட்டமான வளையலுக்கு எத்தனை புள்ளி

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், நல்லமுத்து நகைக்கடையின் முகப்புக் கண்ணாடியில் புதிதாக மாட்டிய திரையில் முட்டை வடிவத்தில் ஒரு வளையல் தோன்றியது. அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரம். அது மெதுவாகச் சுழன்று மறைந்ததும் அட்டிகை அணிந்த ஒரு பெண் வந்தாள். அவளுடைய முகம் குதிரையின் முகம்போல் நீண்டிருந்தது. கழுத்து புடலங்காய் மாதிரி கீழே போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் படத்தைச் செய்த ஜெகதீஸ்வரி தெருவின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். திரையைக் கைப்பேசியில் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்புவதாக இருந்தாள். உயர்த்திய கையை அப்படியே இறக்கிக்கொண்டாள். பக்கத்தில் பூமாலை வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் அவள் விட்ட வேலையைச் செய்தார்கள். சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள்.

கடைக்குள் இருபது வருடமாக வேலை பார்க்கும் சந்திரிகா வெளியே வந்து, திரையை அண்ணாந்து பார்த்து, கையைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நகையும் சந்திரிகாவின் கண் பட்டு, அவள் சரி என்று தலையசைத்த பிறகுதான் முகப்புக்குப் போகும். திரை புதிது என்பதால் இதை மட்டும் அவள் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

"ஜெகா, வளையல் காட்டுன்னு சொன்னா முட்ட போட்டு வச்சிருக்கியே," என்றாள்.

ஜெகதீஸ்வரி பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மின்சுற்றுப் பலகையில் எந்த ஈயப்பொட்டு சரியாக ஒட்டவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலை. அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது இவளையும் நிறுத்தினார்கள். கிடைத்த தொகையில் ஒரு நல்ல மடிக்கணினியும் கேமராவும் வாங்கி, ஒன்றரை வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று படம் செய்து கொடுத்துவந்தாள். வேலை வந்தது, ஆனால் மழை மாதிரி வந்தது. ஒரு மாதம் கொட்டும், இரண்டு மாதம் காயும். போன வாரம் கூலிமில் ஒரு தொழிற்சாலை அவளைக் கூப்பிட்டுக் கடிதம் அனுப்பியிருந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். விடியுமுன் கம்பெனி பஸ். இருட்டிய பிறகு வீடு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவில்தான் கடை முதலாளி நல்லமுத்து வாய்மொழியாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தீபாவளிப் படம் நன்றாக அமைந்தால், ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு புதுப்படம் அவளே செய்யலாம். அந்த ஒரு வேலை நிலையாக இருந்தால் கூலிமுக்கு வேண்டாம் என்று எழுதிவிடலாம். கணவன் குணாளன் ஜெலுத்தோங்கில் லாரி பழுதுபார்க்கும் பட்டறையில் இருக்கிறான். உனக்கு எது சரியோ அதைச் செய் என்று சொல்லிவிட்டு, கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தான். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அவள் அதைப் படித்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.

திரையை உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் தாசேக் கெலுகோரிலிருந்து மகளுக்குக் கல்யாண நகை எடுக்க வந்த ஓர் அம்மா, வெளியே பார்த்த "அந்த நீட்டு வளையல்" வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சந்திரிகா படத்தில் வந்த அதே வளையலை எடுத்து வைத்தாள். அது இல்லை என்றார் அந்த அம்மா. இதுதான் அது என்றாள் சந்திரிகா. அவர் வளையலைக் கையில் வாங்கிப் பார்த்தார். திரும்பி வாசலைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"படத்துல ஒன்னு, கையில ஒன்னாம்மா?" என்று சாந்தமாகக் கேட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்லாவில் இருந்த நல்லமுத்து இதைப் பார்த்தார். அவர் சத்தம் போடும் மனிதர் இல்லை. திரையை நிறுத்தச் சொன்னார். ஜெகதீஸ்வரி மடிக்கணினியை மேசைமேல் திறந்து அதே படத்தை ஓட்டிக் காட்டினாள். அதில் வளையல் அச்சு எடுத்ததுபோல் வட்டமாக இருந்தது.

"என் கம்ப்யூட்டர்ல வட்டமாத்தான் அண்ணே இருக்கு."

"அப்ப உன் கம்ப்யூட்டரத் தூக்கி வாசல்ல மாட்டிருவோமா?" என்றாள் சந்திரிகா. தொடர்ந்து அவள் கேட்டதுதான் நெஞ்சில் போய்த் தைத்தது. திரை மாட்டிய பெண் சோதனைக்காக மீன் நீந்தும் படம் ஒன்றை நான்கு நாள் ஓடவிட்டிருந்தாள். அதில் மீன் மீனாகத்தானே இருந்தது? கோளாறு திரையில் என்றால் மீனும் அல்லவா நீண்டிருக்க வேண்டும்?

ஜெகதீஸ்வரி படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்; வளையல் வட்டமாகவே சுழன்றது.

நல்லமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம கடையில காட்டுறதும் குடுக்குறதும் ஒன்னா இருக்கணும்மா. நாளைக்கி சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் பாக்குறேன். சரியா வரலன்னா மீனே ஓடட்டும். வருஷ வேலையப் பத்தி அப்பறம் பேச வேணாம்."

வீடு திரும்ப, ஜெலுத்தோங் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜெகதீஸ்வரி இந்த வேலைக்கென்று வைத்திருந்த சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தில், நல்லமுத்து முதல்நாள் சொன்னது இருந்தது: திரையின் அளவு மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். நான்காம் பக்கத்தில், திரை மாட்டும் ஷஹீரா கைப்பேசியில் அனுப்பியது இருந்தது: 768-க்கு 256. அதாவது, திரையில் குறுக்கே 768 ஒளிப்புள்ளி, நெடுக்கே 256 ஒளிப்புள்ளி.

டிஜிட்டல் படம் எதுவானாலும் அது புள்ளிகளின் கூட்டம்தான். பிக்சல் என்று சொல்வது அந்தப் புள்ளியைத்தான். படத்துக்கு அளவு முடிவு செய்வது என்றால் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று முடிவு செய்வது. திரையில் உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளிக்கும் படத்தில் ஒரு புள்ளி என்று கணக்காகக் கொடுத்தால், ஓரம் மங்காமல், கோடு உடையாமல், படம் சுத்தமாகத் தெரியும். கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஜெகதீஸ்வரியும் அப்படித்தான் 768-க்கு 256 என்று ஒரு புள்ளி பிசகாமல் செய்திருந்தாள். அவள் வேலையைத் தொடங்கும்போது திரை இன்னும் வரவில்லை. எண்களைப் பார்த்து, பெயர்ப்பலகை மாதிரி கண்ணாடியின் மேல்பகுதியில் நீளமான பட்டையாக வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். முதல் பக்கத்தை அவள் திரும்பப் பார்க்கவே இல்லை.

இப்போது இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டினாள். மூன்றுக்கு இரண்டு மீட்டர் என்றால் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம். 768-க்கு 256 என்றால் மூன்று மடங்கு அகலம். ஒரே திரைக்கு இரண்டு வடிவம் எப்படி இருக்கும்? ஏதாவது ஓர் எண் தப்பாக இருக்க வேண்டும். ஆனால் மீட்டர் அளவு தப்பில்லை. இன்று திரையை அவளே கண்ணால் பார்த்துவிட்டாள். புள்ளி எண்ணிக்கையும் தப்பில்லை. எண்ணிக்கை தப்பென்றால் படம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது கறுப்பு விட்டிருக்கும்.

இரண்டு எண்ணும் சரி என்றால், அவள் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்ட மூன்றாவது ஒன்று தப்பு. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் குறுக்கே உள்ள தூரமும் நெடுக்கே உள்ள தூரமும் ஒன்றுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கணினியில் அப்படித்தான் இருக்கும். கைப்பேசியிலும் அப்படித்தான். பிக்சல் என்றாலே சதுரம் என்று எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

அப்புறம் மீன்? அதற்கும் பஸ் இறங்குமுன் விடை வந்தது. ஷஹீரா போட்டது சாதாரண வீடியோ, 1920-க்கு 1080. அதை எந்தப் புள்ளிக்கணக்கும் பார்க்காமல், திரைக்குப் பின்னால் இருக்கும் கருவி கைக்கு வந்தபடி அமுக்கித் திரை முழுவதும் நிரப்பியிருக்கும். அந்த வீடியோவின் வடிவமும் திரையின் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே மீன் கொஞ்சம்போல ஒல்லியாகியிருக்கும். ஒல்லி மீனைப் பார்த்து யார் புகார் சொல்வார்கள்? ஜெகதீஸ்வரியின் படத்துக்காக ஷஹீரா அந்தக் கருவியைப் புள்ளிக்குப் புள்ளி என்று மாற்றிவிட்டிருந்தாள். கணக்கே பார்க்காத படத்துக்குச் சின்னத் தப்பு. ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் பார்த்த படத்துக்குப் பெரிய தப்பு. ஜெகதீஸ்வரிக்கு ஒரு பக்கம் வலித்தது. இன்னொரு பக்கம், அந்த நெரிசலிலும், சிரிப்பு வந்தது.

மறுநாள் கடை திறக்குமுன்பே வந்துவிட்டாள். சந்திரிகா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், மிதிக்காமல் ஓரமாகப் போ என்று சொன்னாள். ஜெகதீஸ்வரி கண்ணாடியின் உட்பக்கம் போய், அளவுகோலைத் திரைமேல் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய கண்ணைச் சுருக்கினாள்.

இந்தத் திரை சுவர்போல அடைத்த திரை இல்லை. வெளியே நிற்கிறவர்களுக்குப் படமும் தெரிய வேண்டும், படத்தின் ஊடாகக் கடையின் உள்ளும் தெரிய வேண்டும். அதற்காக ஒளிமணிகளை மெல்லிய பட்டைகளில் வரிசையாகப் பதித்து, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் இடைவெளி விட்டிருக்கிறார்கள், ஜன்னல் தட்டிபோல. ஒரே பட்டையில் உள்ள மணிகள் நெருங்கி இருக்கலாம். பட்டைகள் நெருங்கினால் வெளிச்சம் உள்ளே வராது, திரையின் நோக்கமே கெட்டுவிடும். அவள் பத்து இடைவெளி எண்ணினாள். குறுக்கே முப்பத்தொன்பது மில்லிமீட்டர். நெடுக்கே எழுபத்தெட்டு. ஒரு புள்ளிக்குக் குறுக்கே கிட்டத்தட்ட நான்கு, நெடுக்கே கிட்டத்தட்ட எட்டு.

ஒவ்வொரு புள்ளியும், அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரமான ஒரு கட்டத்துக்குப் பொறுப்பு. அதனால்தான் எல்லாமே இரண்டு மடங்கு உயரமாகத் தெரிந்தது. யாரும் எதையும் இழுக்கவில்லை. அவள் கொடுத்த புள்ளிகளைத் திரை ஒழுங்காக, ஒன்றுகூட விடாமல், தன் தன் இடத்தில் வைத்திருக்கிறது.

ஷஹீராவைக் கூப்பிட்டாள். ஷஹீரா கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஓர் உணவகத்தில் ஏணிமேல் நின்றிருந்தாள். பேச்சுக்கு நடுவே திருப்புளி சத்தம் கேட்டது.

"ஆமாக்கா, மூனு புள்ளி ஒம்போது, ஏழு புள்ளி எட்டு. பேப்பர்ல இருக்கே. நான் அனுப்பலயா?"

"நீ எண்ணிக்கை மட்டும்தான் அனுப்புன."

"சோரிக்கா. நீங்களும் கேக்கல லா."

இரண்டும் உண்மை. பின்னால் இருக்கும் கருவியிலேயே படத்தைச் சுருக்கிக்கொள்ள வழி உண்டா என்று ஜெகதீஸ்வரி கேட்டாள். உண்டு, ஆனால் அதன் அமைப்பை மறுபடி மாற்ற ஷஹீரா நேரில் வர வேண்டும், வியாழக்கிழமைக்கு முன்னால் ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுப்பக்கம் வர முடியாது. ஆகவே ஐந்து மணிக்குள் சரியாக வேண்டுமென்றால் திரையைத் தொடாமல் படத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கடையின் பின்னறையில், பழைய நகைப்பெட்டிகளுக்கு நடுவே, மடிக்கணினியைத் திறந்தாள். 768-க்கு 512 என்று புதிதாக ஒரு சட்டம் போட்டாள். இது மூன்றுக்கு இரண்டு. திரையின் உண்மையான வடிவம். இதற்குள் எல்லாவற்றையும் சரியான உருவத்தில் அடுக்க வேண்டும். மொத்தம் ஒன்பது காட்சி. எடுத்த மூலப்படம் பெரிய அளவில் இருந்ததால் மறுபடி எடுக்க வேண்டிய வேலை இல்லை. முன்பு பட்டை வடிவத்துக்காக அந்தப் பெண்ணின் நெற்றியையும் மார்பையும் வெட்டியிருந்தாள். ஆரம் பாதிக்குமேல் வெளியே போயிருந்தது. இப்போது நெற்றிச்சுட்டி முதல் ஆரத்தின் பதக்கம் வரை முழுதாக உள்ளே வந்தது. ஒவ்வொரு காட்சியாக நகர்த்தி வைக்க வைக்க, முதலிலேயே இப்படி அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. சாப்பிடப் போகவில்லை. யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள், அது ஆறிப்போனது.

கடைசியில் ஒரே ஒரு வேலை. திரையில் நெடுக்கே 512 புள்ளி கிடையாது, 256-தான். எனவே முழுப் படத்தையும் உயரத்தில் சரிபாதியாக அமுக்கி, 768-க்கு 256 ஆக வெளியே எடுத்தாள். கணினியில் இந்தப் படத்தைப் பார்த்தால் எல்லாம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையைத் திரை இரண்டு மடங்கு உயர்த்திக் காட்டும்போது வட்டம் வட்டமாகும். சரியாகத் தெரிவதற்காகவே தப்பாகச் செய்த படம்.

மூன்றரை மணிக்குப் படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். சந்திரிகா கையை நீட்டினாள். இந்த முறை அவள் பார்க்காமல் எதுவும் முகப்புக்குப் போகாது.

கடைக் கணினியில் படம் ஓடியது. சந்திரிகாவின் புருவம் ஏறியது.

"நேத்து இழுத்து வச்ச. இன்னிக்கி லாரிய ஏத்திட்டியா?"

வளையல்கள் தட்டையாகக் கிடந்தன. நெற்றிச்சுட்டி அணிந்த பெண்ணின் முகம் பூசணிக்காய்போல் அகன்றிருந்தது. நல்லமுத்து எழுந்து வந்து பார்த்தார். ஜெகதீஸ்வரி விளக்கத் தொடங்கினாள். பிக்சல், விகிதம் என்று இரண்டு சொல் வருமுன்பே அவர் கையை உயர்த்தினார். ஒரு நிமிடம் திரையில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவள் சொன்னாள். அதுவும் முடியாது என்றார். நேற்று பையன்கள் பிடித்த படம் அவருடைய மருமகன் கைப்பேசிவரைக்கும் வந்துவிட்டது. தெருவில் இப்போது நேற்றைவிடக் கூட்டம். தப்பென்று கண்ணுக்கு முன்னால் தெரிகிற படத்தை ஒரு நொடிகூடத் தன் கண்ணாடியில் போடப் போவதில்லை.

படம் ஓட்டும் பெட்டி ஜெகதீஸ்வரிக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பென்டிரைவைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காட்டுவதும் கொடுப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொன்ன மனிதரின் கடை அது. அவர் சரி என்று சொல்லாமல் அங்கே எதுவும் ஓடக் கூடாது.

அவளுடைய பார்வை வாசலுக்குப் போனது. காலையில் போட்ட கோலம் பாதி மிதிபட்டு, பாதி அப்படியே இருந்தது.

"அக்கா, ஒரு வட்டம் வரணும்னா எத்தனை புள்ளி வைப்பீங்க?"

"இப்ப கோலமா முக்கியம்?"

"சொல்லுங்களேன்."

"குறுக்க எட்டுன்னா நெடுக்கவும் எட்டு. இது தெரியாதா?"

"வரிசைக்கு வரிசை ரெண்டு மடங்கு தள்ளி வச்சா?"

எவள் அப்படி வைப்பாள் என்று சந்திரிகா முணுமுணுத்தாள். ஆனாலும், கோலத்தைப் பற்றி ஒருத்தி கேள்வி கேட்டுவிட்ட பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு சுத்தமான இடமாகப் பார்த்துக் குந்தினாள். குறுக்கே விரல்கடை இடைவெளி, நெடுக்கே இரண்டு விரல்கடை. எட்டு வரிசை வைத்தாள். ஓரப்புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு கோட்டைச் சுற்றி இழுத்தாள். பாதி வரும்போதே அவள் கை வேகம் குறைந்தது. கோடு முடிந்தபோது தரையில் ஒரு முட்டை இருந்தது.

"நேத்து நான் செஞ்சது இதுதாங்க்கா," என்றாள் ஜெகதீஸ்வரி. "எட்டுக்கு எட்டு குடுத்தேன். ஆனா இந்தக் கண்ணாடியில வரிசையெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கு. எனக்கு அது தெரியல. அளந்து பாக்காதது என் தப்புதான்."

சந்திரிகா முட்டையைப் புறங்கையால் அழித்தாள். ஒருவரும் சொல்லாமலே மறுபடி புள்ளி வைத்தாள், குறுக்கே எட்டு, நெடுக்கே நான்கே வரிசை, அதே இரண்டு விரல்கடை இடைவெளியில். கோட்டை இழுத்தாள். வட்டம் வந்தது. அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே, வழக்கமான நெருக்கத்தில், இன்னொரு எட்டுக்கு நான்கு வைத்துக் கோடு இழுத்தாள். அது தட்டையாக வந்தது, கடைக் கணினியில் பார்த்த வளையல்போலவே.

எழுந்து மாவுக் கையோடு கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள். மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்து, உதடு அசைய, ஒளிமணிகளை எண்ணினாள். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, சந்தேகத்துக்கு இன்னொருமுறை.

பிறகு முதலாளியைக் கூப்பிட்டு அவளே விளக்கினாள். ஜெகதீஸ்வரிக்கு நடுவில் பேச வேண்டிய தேவையே வரவில்லை. கம்ப்யூட்டரில் புள்ளி நெருக்கமாக இருக்கிறது, அதனால் அங்கே பார்த்தால் சப்பையாகத்தான் இருக்கும். வாசல் கண்ணாடியில் வரிசை விட்டு விட்டு இருக்கிறது, அங்கே போனால் எழுந்து நிற்கும். கோலத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் கோணல் என்று சொல்ல முடியுமா என்று சந்திரிகா கேட்டாள். நல்லமுத்து தரையில் இருந்த இரண்டு உருவத்தையும் பார்த்தார்.

"நீ உறுதியா சொல்றியா, சந்திரிகா?"

"எண்ணிட்டேன் முதலாளி."

அவர் பெட்டிப்பக்கம் தலையசைத்தார்.

ஜெகதீஸ்வரி பென்டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். கணக்கு சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கணக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் எப்போதும் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் யாருக்கும் எதுவும் உறுதி இல்லை.

வளையல் வந்தது. வட்டமாக இருந்தது. மெதுவாகத் திரும்பி, தன் வேலைப்பாட்டைக் காட்டி, ஓர் ஓரத்தில் வெளிச்சம் மின்ன மறைந்தது. அடுத்து அந்தப் பெண் நெற்றிச்சுட்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். சாதாரணமான, அழகான, மனித முகம். ஆரத்தின் பதக்கம் சரியாகத் திரையின் கீழ்விளிம்புக்கு ஒரு சாண் மேலே நின்றது.

நல்லமுத்து தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். இரண்டு காடியும், ஆள் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டியான திரிஷா ஒன்றும் நடுவில் போயின. ஒன்பது காட்சியையும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியதும் அதையும் பார்த்தார். இதற்குள் சந்திரிகா படத்தில் வந்த வளையலை உள்ளேயிருந்து எடுத்துவந்து, வெளியே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரைக்கு நேரே பிடித்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்ட ஒரு பெண்மணி, அந்த வளையல் எத்தனை கிராம் என்று கேட்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சந்திரிகா அவரைக் கூட்டிப்போனாள்.

நல்லமுத்து திரும்பி வந்தார். "மாசத்துக்கு ஒன்னு, பேசுன மாதிரி," என்றார். பிறகு, கல்லாப்பக்கம் போனவர் நின்று, தலையைத் திருப்பி, புக்கிட் மெர்தாஜாம் கிளைக்கும் இப்படி ஒன்று மாட்டுவதாக இருக்கிறேன், எந்த மாதிரித் திரை வாங்குவது என்று நீ போய்ப் பார்த்துச் சொல் என்றார். இனி யாராவது எண்களை மட்டும் அனுப்பினால் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும் சொன்னார்.

எதிர்பாராத கேள்விக்கு ஜெகதீஸ்வரி உடனே இன்னொரு கேள்வியால் பதில் சொன்னாள். அங்கே ஜனங்கள் கடையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள்? பக்கத்தில் நடந்துபோகிறவர்களா, காடியில் கடக்கிறவர்களா? பக்கத்தில் என்றால் புள்ளி நெருக்கமாக வேண்டும், இல்லாவிட்டால் முகம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். தூரத்தில் என்றால் அவ்வளவு நெருக்கம் வீண். இந்த வரிசை இடைவெளி விஷயம் இருக்கிறதே, அது கடைக்குள் வெளிச்சம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறுத்தது. அவள் இன்னும் சொல்லிக்கொண்டே போயிருப்பாள். நல்லமுத்து சிரித்துவிட்டார்.

"இதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்? அதுக்குத்தானே உன்னப் போகச் சொல்றேன்."

வியாழக்கிழமை காலை பெர்ரியில் பட்டர்வொர்த்துக்குப் போனாள். அங்கிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு ரயில். தண்ணீர் அமைதியாக இருந்தது. கூலிமுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அழைத்ததற்கு நன்றி, எனக்கு வேறு வேலை அமைந்துவிட்டது என்று இரண்டே வரி. எழுதி முடித்தும் உடனே அனுப்பவில்லை. ஒரு கடை, ஒரு வருடம். அதை நம்பி இறங்கலாமா என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றியது.

அப்போது ஷஹீரா கூப்பிட்டாள். கருவியைச் சரிசெய்யக் கடைக்கு வந்தவள், படம் ஏற்கெனவே சரியாக ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். சந்திரிகா அவளையும் விடாமல் வாசலில் குந்தவைத்துப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறாள்.

"அக்கா, இதே திரைய நான் இன்னும் ஏழு கடைக்கி மாட்டியிருக்கேன். எல்லாப் படமும் கொஞ்சம் கோணதான். இத்தன நாளா யாருமே கேக்கல. நான் போயி சொல்லட்டுமா, சரி பண்ண ஆளு இருக்குன்னு?"

"சொல்லு," என்றாள் ஜெகதீஸ்வரி. "ஆனா எண்ணிக்கை மட்டும் அனுப்பாத."

"முழுப் பேப்பரும் அனுப்புறேன்கா. சத்தியமா."

கைப்பேசியில் எழுதிவைத்த இரண்டு வரி இன்னும் திறந்தே இருந்தது. அனுப்பினாள். பெர்ரி கரையை நெருங்கியதும் எல்லாரும் எழுந்து வாசல்பக்கம் நகர்ந்தார்கள். அவளும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரயிலைத் தவறவிடக் கூடாதென்று கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.